சர்க்கரையையும் வெண்ணெயையும் பாதியாக்கினேன், கேக் கல்லாகிவிட்டது: எந்தப் புத்தகம் தவறு?

நீங்கள் கேட்டிருப்பது இது: உங்களிடம் இரண்டு சமையல் புத்தகங்கள் இருக்கின்றன. ஒன்று பேஸ்ட்ரி செஃப்களுக்காக எழுதப்பட்டது, அளவெல்லாம் கிராமிலும் சதவீதத்திலும் இருக்கிறது. இன்னொன்று எடை குறைக்க விரும்புகிறவர்களுக்கானது. முதல் புத்தகத்தில் உள்ள பட்டர் கேக்கை எடுத்து, இரண்டாவது புத்தகத்தின் யோசனைப்படி சர்க்கரையையும் வெண்ணெயையும் பாதியாக்கி, மைதாவுக்குப் பதில் ஆட்டா, வெள்ளைச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை என்று மாற்றிச் செய்திருக்கிறீர்கள். மேலே பிளந்து, உள்ளே களி மாதிரி வந்துவிட்டது. "எந்தப் புத்தகம் தப்பு, எதைத் தூக்கிப் போடுவது?" என்று கேட்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது: ஒரு தொழில்முறைக் குறிப்பில் எந்தப் பொருள் ருசிக்காக இருக்கிறது, எந்தப் பொருள் அந்தப் பண்டத்தைத் தாங்கி நிற்கிறது? எதில் கை வைக்கலாம், எதில் வைக்கக் கூடாது? அது தெரிந்துவிட்டால் இரண்டு புத்தகமும் உங்களுக்குப் பயன்படும்.

பேக்கரித் தொழிலில் மாவைத்தான் 100 என்று வைத்துக்கொள்வார்கள். மற்ற எல்லாப் பொருளும் அந்த மாவின் எடையில் எத்தனை சதவீதம் என்றுதான் எழுதப்படும். அதனால் மொத்தத்தைக் கூட்டினால் 100-ஐத் தாண்டிவிடும், அது அச்சுப்பிழை இல்லை. நீங்கள் செய்த வகை பட்டர் கேக்கில் மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை நான்கும் 100, 100, 100, 100. அதாவது 250 கிராம் மைதாவுக்கு மற்ற மூன்றும் 250 கிராம் வீதம். இந்த விகிதத்தை யாரும் மனம்போன போக்கில் போட்டுவிடவில்லை. மாவும் முட்டையும் இறுக்கும் பொருட்கள், சர்க்கரையும் வெண்ணெயும் இளக்கும் பொருட்கள். இரண்டு பக்கமும் சமமாக இருக்கும் வரைதான் கேக் கேக்காக இருக்கும். நீங்கள் இளக்கும் பக்கத்தை மட்டும் பாதியாக்கிவிட்டு, இறுக்கும் பக்கத்தை அப்படியே விட்டிருக்கிறீர்கள். ஆட்டாவைப் போட்டு அந்தப் பக்கத்தை இன்னும் கனமாக்கியும் இருக்கிறீர்கள்.

சர்க்கரை இனிப்புக்காக மட்டும் அங்கே இல்லை. வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது அதன் கூரான படிகங்கள்தான் வெண்ணெய்க்குள் காற்றுக் குமிழிகளைச் செருகுகின்றன. பேக்கிங் பவுடர் புதிதாகக் குமிழிகளை உண்டாக்குவதில்லை, ஏற்கெனவே இருக்கும் குமிழிகளைப் பெரிதாக்கத்தான் செய்யும். ஆக, அடிக்கும்போது காற்று ஏறாத கேக்கை ஓவனில் வைத்து மீட்க முடியாது. அடுத்து, சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் மாவில் குளூட்டன், அதாவது தண்ணீர் பட்டதும் ரப்பர் போல இழுக்கும் கோதுமைப் புரதம், இறுகிச் சேர்வது குறைகிறது. மூன்றாவது வேலையைத்தான் பலர் கவனிப்பதில்லை. கோதுமையின் மாவுச்சத்து வெறும் தண்ணீரில் 60 டிகிரிக்கு அக்கம்பக்கத்திலேயே வெந்து இறுகத் தொடங்கும். சர்க்கரை நிறைந்த கேக் கலவையில் அது 80 டிகிரியைத் தாண்டித்தான் நடக்கும். முட்டையும் அதேபோல் தாமதமாகத்தான் கெட்டியாகும். அந்தத் தாமதம்தான் கேக் உயர்வதற்குக் கிடைக்கும் நேரம். சர்க்கரை பாதியானதும் மேல்தோல் சீக்கிரமே இறுகிப்போகும். உள்ளிருந்து உயரும் கலவைக்கு வழி இல்லாமல் தோலைப் பிளந்துகொண்டு வெளியே வரும். உங்கள் கேக்கின் பிளவுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

வெண்ணெய் மாவுத் துகள்களைச் சுற்றிப் பூசி, தண்ணீர் உள்ளே போவதைத் தடுக்கிறது. அது பாதியானால் குளூட்டனுக்குக் கட்டுப்பாடு இல்லை. நாட்டுச்சர்க்கரைக்கு வெள்ளைச் சர்க்கரை போன்ற படிகம் கிடையாது, ஈரப்பிசுக்கான தூள் அது. வெண்ணெயோடு எவ்வளவு நேரம் அடித்தாலும் வெளுத்துப் பொங்கி வராது. ஆட்டா, குறிப்பாகக் கல் எந்திரத்தில் அரைத்தது, மைதாவைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கும். தவிடு வேறு குமிழிச் சுவர்களைக் கிழிக்கும். ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியாகச் செய்திருந்தால் ஓரளவு தாங்கியிருக்கும். நான்கையும் ஒரே நாளில் செய்ததால் எது எங்கே கெடுத்தது என்று உங்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. குறிப்பை மாற்றும்போது ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம் போதும்.

இப்போது கணக்குக்கு வருவோம், ஏனென்றால் நீங்கள் இத்தனையும் செய்தது எடைக்காக. மைதா 100 கிராமுக்கு சுமார் 350 கிலோ கலோரி, சர்க்கரை 400, கடையில் கிடைக்கும் 80% கொழுப்புள்ள வெண்ணெய் சுமார் 720, ஓடு நீக்கிய முட்டை சுமார் 143. நான்கும் 250 கிராம் வீதம் போட்ட கேக்கில் மைதாவால் 875, சர்க்கரையால் 1,000, வெண்ணெயால் 1,800, முட்டையால் 360. மொத்தம் சுமார் 4,000 கிலோ கலோரி. இரண்டு லோஃப் டின்னில் ஊற்றி, டின்னுக்கு 8 துண்டு போட்டால் ஒரு துண்டு 250. சர்க்கரையில் 50 கிராம் குறைத்தால் எவ்வளவு மிச்சம்? 200 கிலோ கலோரி, அதாவது மொத்தத்தில் 5%. ஒரு துண்டுக்கு வெறும் 12. சர்க்கரையைக் குறைத்த கேக் என்ற நினைப்பில் அரைத் துண்டு கூடுதலாகச் சாப்பிட்டால் அந்த 12 பத்து மடங்காகத் திரும்பி வந்துவிடும். அதே கேக்கை, ஒரு பொருளையும் மாற்றாமல், டின்னுக்கு 8-க்குப் பதில் 10 துண்டாக வெட்டினால் ஒரு துண்டுக்கு 50 குறைகிறது. கேக்கும் கெடவில்லை. எடைக்குறைப்புப் புத்தகங்கள் இந்தக் கணக்கைப் பெரிதாகப் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். கத்தியை எங்கே வைக்கிறோம் என்பதற்கு இருக்கும் பலம் மாற்றுச் சர்க்கரைக்குக் கிடையாது.

அதற்காகக் குறிப்பைத் தொடவே கூடாது என்று சொல்லவில்லை. பட்டர் கேக்கில் சர்க்கரையை மாவின் எடையில் 80% வரை இறக்கலாம், 250-க்கு 200. குறைத்த 50 கிராமுக்கு ஈடாக 20 மில்லி பால் சேர்த்தால் கலவையின் தளர்வு சரியாகிவிடும். 75%-க்குக் கீழே போனால் மறுநாளே உலர்ந்து உதிரும், நிறமும் வராது. வெண்ணெயில் கால் பங்கை, அதாவது 60 கிராமை எடுத்துவிட்டு, துணியில் கட்டித் தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் 60 கிராமும் சமையல் சோடா 1 கிராமும் சேர்க்கலாம். தயிரை வெண்ணெயோடு அடிக்காமல் மாவோடு மாறி மாறிக் கடைசியில் கலக்க வேண்டும். பாதி வெண்ணெயைத் தயிராக்கினால் கேக் ரப்பர் போல இழுக்கும். இந்த இரண்டு மாற்றத்தையும் செய்து 20 துண்டு போட்டால் ஒரு துண்டு சுமார் 170 கிலோ கலோரிக்கு வந்துவிடும். 250-லிருந்து 170, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, சாப்பிடுகிறவருக்கு அது கேக்காகவும் இருக்கிறது. ஆட்டா வேண்டுமானால் மாவில் கால் பங்கு போடுங்கள், ஒவ்வொரு 50 கிராம் ஆட்டாவுக்கும் 10 மில்லி பால் கூடுதலாக விடுங்கள். ஆட்டாவால் கலோரி குறையாது, மைதாவும் ஆட்டாவும் கிட்டத்தட்ட ஒரே அளவுதான். நார்ச்சத்து மட்டும் 100 கிராமுக்கு சுமார் 3 கிராமிலிருந்து 11 கிராமாக உயரும். அது நல்லதுதான், ஆனால் அது வேறு நன்மை.

வெண்ணெயின் சூடு பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பியப் புத்தகம் "அறை வெப்பத்தில் உள்ள வெண்ணெய்" என்றால் 18 முதல் 20 டிகிரி என்று பொருள். சென்னை மதிய வெயிலில் நம் சமையலறை 32 டிகிரி. அங்கே ஒரு மணி நேரம் வெளியே வைத்த வெண்ணெய் அடிப்பதற்கு லாயக்கில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துச் சிறு துண்டாக நறுக்கி 10 முதல் 15 நிமிடம் போதும். விரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், ஆனால் மேலே எண்ணெய்ப் பளபளப்பு தெரியக் கூடாது. பளபளத்தால் கிண்ணத்தைக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கி வைத்துவிட்டு அடியுங்கள்.

ஆனால் எடை குறைப்பவருக்கு பட்டர் கேக்கை ஒட்டுப்போட்டுக்கொண்டிருப்பதைவிட, அதே தொழில்முறைப் புத்தகத்தில் இயல்பிலேயே லேசான பண்டங்களைத் தேர்ந்தெடுப்பதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து. ஜெனுவாஸ் எனப்படும் ஸ்பாஞ்சை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை 200 கிராம், சர்க்கரை 120, மைதா 120, உருக்கிய வெண்ணெய் 30. முட்டையையும் சர்க்கரையையும் சுடுதண்ணீர் மேல் வைத்து 45 டிகிரி வரை சூடாக்கி, பீட்டரைத் தூக்கினால் ரிப்பன் போல் விழுந்து சில வினாடி மறையாமல் நிற்கும் வரை அடிக்க வேண்டும். பிறகு சலித்த மைதாவைக் கீழிருந்து மேலாக மடித்துக் கலக்க வேண்டும். மொத்தம் சுமார் 1,400 கிலோ கலோரி. 20 சென்டிமீட்டர் வட்ட டின்னில் சுட்டு 10 துண்டு போட்டால் ஒன்று 140. சர்க்கரையை 100 கிராம் வரை குறைக்கலாம், அதற்குக் கீழே நுரை நிலைக்காது. புத்தகத்தில் இதன் மேல் சர்க்கரைப் பாகு தடவச் சொல்லியிருக்கும். பாகுக்குப் பதில் டிகாஷனையோ, பிழிந்த ஆரஞ்சுச் சாற்றையோ தடவினால் ஈரமும் கிடைக்கும், மணமும் கிடைக்கும்.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் ஷூ மாவு, அதாவது உள்ளே கிரீம் நிரப்பும் எக்லேர், புரோஃபிட்டரோல் செய்யும் மாவு. தண்ணீர் 125 கிராம், பால் 125, வெண்ணெய் 100, மைதா 150, முட்டை 250, உப்பு ஒரு சிட்டிகை. சர்க்கரையே வேண்டாம். தண்ணீர், பால், வெண்ணெய், உப்பு நான்கும் சேர்ந்து கொதித்ததும் மைதாவை மொத்தமாகக் கொட்டிக் கிளற வேண்டும். பாத்திரத்தின் அடியில் மெல்லிய படலம் ஒட்டும் வரை சுமார் 2 நிமிடம் நெருப்பிலேயே உலர்த்த வேண்டும். சூடு 60 டிகிரிக்கு இறங்கிய பிறகு முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் மாவு முக்கோணமாகத் தொங்கி நின்றால் போதும், முட்டை மிச்சமிருந்தாலும் நிறுத்திவிடுங்கள். 190 டிகிரியில், உப்பி நன்றாகச் சிவக்கும் வரை ஓடிஜி (வீட்டு மின் ஓவன்) கதவைத் திறக்கவே கூடாது. பிறகு அடியில் சின்னத் துளை போட்டு, சூட்டைக் குறைத்து 10 நிமிடம் காயவிட வேண்டும். வெளியே எடுத்ததும் அமுங்கிப்போனால் உள்ளே ஈரம் காயவில்லை என்று பொருள். இந்த அளவில் சுமார் 40 சின்ன உருண்டைகள் வரும், ஒன்று 40 கிலோ கலோரி. உள்ளே இருப்பது காற்று.

அதை நிரப்பும் கஸ்டர்ட்தான் தொழில்முறைப் புத்தகத்தில் நீங்கள் தைரியமாகக் கை வைக்கக்கூடிய இடம். வழக்கமான அளவு பால் 500 கிராம், மஞ்சள் கரு 100, சர்க்கரை 100, கார்ன்ஃப்ளவர் 45, வெண்ணெய் 50. சுமார் 1,530 கிலோ கலோரி. இங்கே தாங்கி நிற்பது கார்ன்ஃப்ளவர், சர்க்கரை இல்லை. அதனால் சர்க்கரையை 60-க்கும், வெண்ணெயை 10-க்கும், மஞ்சள் கருவை 80-க்கும் இறக்கலாம், கார்ன்ஃப்ளவரை மட்டும் தொடாதீர்கள். கொழுப்பு குறைந்த டோண்டு பாலில் செய்தால் மொத்தம் சுமார் 1,000 கிலோ கலோரி, மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, ஆனாலும் கெட்டியாக நிற்கும். இதில் ஒரே ஒரு நிபந்தனை. கலவை கெட்டியானதும் அடுப்பை அணைக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. மஞ்சள் கருவில் மாவுச்சத்தைச் சிதைக்கும் நொதி இருக்கிறது. அது நன்றாகக் கொதித்தால்தான் அடங்கும். கேழ்வரகுக் கூழ் கொதிப்பது போல, நடுவிலும் குமிழி வந்து உடைய வேண்டும். அதன் பிறகு விடாமல் கிளறிக்கொண்டே முழுதாக ஒரு நிமிடம், முடிந்தால் இரண்டு நிமிடம். இதைச் செய்யாத கஸ்டர்ட் ராத்திரி கெட்டியாக இருந்து, காலையில் ஃபிரிட்ஜைத் திறந்தால் மோர் மாதிரி தளர்ந்து கிடக்கும். பழி பெரும்பாலும் சர்க்கரை குறைத்ததன் மேல் விழும். இறக்கியவுடன் அகலத் தட்டில் பரப்பி, மேலே படுமாறு கிளிங் ஃபிலிம் ஒட்டி, சீக்கிரம் ஆறவிடுங்கள். இந்தக் கஸ்டர்ட் 20 கிராம் நிரப்பிய புரோஃபிட்டரோல் ஒன்று சுமார் 70 கிலோ கலோரி. இரண்டு சாப்பிட்டாலும் பழைய பட்டர் கேக் துண்டைவிட வெகு குறைவு.

கை வைக்கவே கூடாதவை சில உண்டு. மொறுமொறுப்பான மெரிங்குக்கு வெள்ளைக்கரு 100 என்றால் சர்க்கரை 200. சர்க்கரை குறைந்தால் அழுது நீர் விடும், காயாது. மக்கரோனும் அப்படித்தான். கேரமலுக்கு மாற்றே இல்லை. பஃப் பேஸ்ட்ரியில் வழக்கமாக மாவின் எடையில் முக்கால் பங்கு அளவுக்கு வெண்ணெய் போகும். ஆறு முறை மூன்றாக மடித்தால் 729 அடுக்கு. பாதி வெண்ணெய் போட்டால் அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி, பப்ஸ் ரொட்டியாகிவிடும். கொழுப்பு குறைந்த ஸ்ப்ரெட் போட்டால் இன்னும் மோசம், அதில் உள்ள அதிகத் தண்ணீர் மாவை ஊறவைத்துவிடும். இவற்றைச் சரியான குறிப்பின்படியே செய்து, சின்னதாகச் சாப்பிட்டு, எப்போதாவது மட்டும் வைத்துக்கொள்வதுதான் வழி.

எடைக்குறைப்புப் புத்தகத்தை எப்படி எடைபோடுவது? முதலில் அளவைப் பாருங்கள். "ஒரு கப் மாவு" என்று மட்டும் எழுதியிருந்தால் அதில் கொடுத்திருக்கும் கலோரி எண்ணை நம்ப முடியாது. கப்பில் தளர்வாகப் போட்டால் மைதா 120 கிராமுக்கும் குறைவாக நிற்கும், அமுக்கினால் 150-ஐத் தொடும். அடுத்து "ஒரு பரிமாறலுக்கு 90 கலோரி" என்று போட்டிருந்தால் அந்தப் பரிமாறல் எத்தனை கிராம் என்று தேடுங்கள். எடை இல்லாத கலோரி எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மூன்றாவது, "சர்க்கரை இல்லை" என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை எல்லாம் கலோரியில் வெள்ளைச் சர்க்கரைக்கு ஒட்டியே வரும். தேன் சற்றுக் குறைவு, அதில் தண்ணீர் இருப்பதால். அவற்றின் மணம் அருமையானது, அதற்காகத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். எடை குறையும் என்பதற்காக வேண்டாம். உலகச் சுகாதார நிறுவனம் 2015-ல் தந்த வழிகாட்டலில், சேர்க்கப்படும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10%-க்குக் கீழே இருக்க வேண்டும் என்றது. முடிந்தால் 5%-க்குக் கீழே. அந்தக் கணக்கில் தேனும் சேரும். ஒரு நாளைக்கு 2,000 கிலோ கலோரி சாப்பிடுகிறவருக்கு 10% என்பது 50 கிராம் சர்க்கரை.

மைதாவைப் பாதாம் மாவாக மாற்றச் சொல்லும் புத்தகங்களிலும் கவனம் தேவை. பாதாம் 100 கிராமுக்கு சுமார் 600 கிலோ கலோரி, மைதாவைவிட அதிகம். மாவுச்சத்தைக் குறைக்க வேண்டியவருக்கு அது உதவலாம், கலோரி குறைப்பவருக்கு உதவாது. வெண்ணெயை எடுத்துவிட்டு அதே எடைக்குத் தேங்காய் எண்ணெய் போட்டால் கலோரி கூடும், எண்ணெயில் தண்ணீர் இல்லை, 100 கிராமுக்கு 900. 70% டார்க் சாக்லேட்டில் சர்க்கரை குறைவு, கொக்கோ வெண்ணெய் அதிகம், ஆக மொத்தக் கலோரி மில்க் சாக்லேட்டுக்குக் குறைந்ததில்லை. இவை கூட்டல் கழித்தலில் வருபவை. நான் சொன்ன எண்களில் பிராண்டைப் பொறுத்து 10% வரை முன்பின் இருக்கலாம், ஆனால் திசை மாறாது.

தொழில்முறைப் புத்தகத்தையும் நம் சமையலறைக்கு ஏற்றபடி படிக்க வேண்டும். ஐரோப்பிய மீடியம் முட்டை ஓட்டோடு 53 முதல் 63 கிராம். நம் கடைகளில் 50 கிராம் முட்டைதான் சாதாரணம், ஓடு போக 44 கிராம் நிற்கும். 4 முட்டை என்றால் அவர்களுக்கு 200 கிராம், நமக்கு 176. எண்ணிப் போடாமல் தராசில் வையுங்கள். புத்தகத்தில் வரும் கிரீம் 35% கொழுப்புள்ளது. இங்கே டெட்ரா பேக்கில் கிடைக்கும் ஃபிரெஷ் கிரீம் 25%, அதை எவ்வளவு அடித்தாலும் எழும்பாது. பேக்கரிகளில் புழங்கும் வெஜிடபிள் விப்பிங் கிரீம் நன்றாக எழும்பும், ஆனால் அது தாவரக் கொழுப்பு, பெரும்பாலும் சர்க்கரை ஏற்கெனவே சேர்த்தது. குறிப்பில் உள்ள சர்க்கரையை அதன் மேல் போட்டால் இரட்டிப்பாகிவிடும். குறிப்பு 60 க்கு 40 சென்டிமீட்டர் தட்டுக்கு என்றிருந்தால், உங்கள் 20 சென்டிமீட்டர் வட்ட டின்னுக்கு எல்லா அளவையும் 7.6-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், அதே உயரம் வரும். ஒரு கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் இந்தப் புத்தகத்தால் பயன் இல்லை.

இதுவரை சொன்னது உறுதியானது. மாற்று இனிப்பூட்டிகள் விஷயத்தில் அந்த உறுதியோடு பேச முடியாது. சமையலில் எப்படி நடந்துகொள்ளும் என்பது தெரிந்ததே: எரித்ரிட்டாலில் கலோரி மிகமிகக் குறைவு, இனிப்பு சர்க்கரையில் 60 முதல் 70%, சுட்டால் சிவக்காது, ஆறியதும் மறுபடி படிகமாகி நறநறக்கும், நாக்கில் சில்லிடும். கஸ்டர்டில் பாதிச் சர்க்கரைக்குப் பதில் போடலாம், கேக்கில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். அஸ்பார்ட்டேம் சூட்டில் சிதைந்து இனிப்பை இழக்கும், பேக்கிங்குக்கு ஆகாது. ஸ்டீவியாவும் சுக்ரலோஸும் இனிப்பைத் தரும், ஆனால் சர்க்கரையின் பருமனைத் தராது. கேக்கில் அந்த வெற்றிடத்தை நிரப்ப வேறு ஒன்று வேண்டியிருக்கும். ஆனால் இவற்றால் நெடுநாளில் எடை குறையுமா என்பது கேள்விக்குறி. எடைக் கட்டுப்பாட்டுக்காகச் சர்க்கரை அல்லாத இனிப்பூட்டிகளை நாட வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது. நிபந்தனைக்குட்பட்ட பரிந்துரை அது. எரித்ரிட்டால் போன்ற சர்க்கரை ஆல்கஹால்கள் அதில் சேரவில்லை. அதே ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, இரத்தத்தில் எரித்ரிட்டால் அதிகமுள்ளவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் அதிகம் காணப்பட்டதாகச் சொன்னது. ஆனால் நம் உடலே எரித்ரிட்டாலை உண்டாக்கும் என்பதால் எது காரணம், எது விளைவு என்று அதை வைத்து முடிவு கட்ட முடியாது. இந்த நிலையில், கொஞ்சம் உண்மையான சர்க்கரையைக் குறைந்த அளவில் பயன்படுத்துவதே என் பரிந்துரை. இன்னொரு எல்லையையும் சொல்ல வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர், கர்ப்பிணி, சிறுநீரகக் கோளாறு உள்ளவர், உணவைப் பற்றிய பயமோ குற்ற உணர்ச்சியோ அளவுக்கு மீறி வாட்டுபவர், இவர்களுக்கு எவ்வளவு சாப்பிடலாம் என்பதை மருத்துவரும் உணவியல் நிபுணரும்தான் சொல்ல வேண்டும். பேக்கிங் தெரிந்தவர் சொல்லக் கூடாது.

இரண்டு துறையும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைக்க வேண்டாம். பிரான்சில் எடைக்குறைப்புச் சமையலுக்கு மரியாதை வாங்கிக்கொடுத்த மிஷல் கெரார், 1958-ல் பேஸ்ட்ரியில் அந்நாட்டின் மிக உயர்ந்த கைவினைப் பட்டத்தை வென்றவர். 1976-ல் அவர் வெளியிட்ட மெலிவுச் சமையல் நூல் உலகம் முழுவதும் பேசப்பட்டது. எந்தப் பொருள் என்ன வேலை செய்கிறது என்று தெரிந்தவர்தான் அதை எங்கே குறைக்கலாம் என்றும் சொல்ல முடியும். அதனால் உங்கள் இரண்டு புத்தகத்தில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் பேஸ்ட்ரி புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். எடைக்குறைப்புப் புத்தகத்தில் கிராம் அளவும் பரிமாறலின் எடையும் இருந்தால் அதையும் வையுங்கள். அதன் காய்கறி, பருப்பு, மீன் பக்கங்கள்தான் உங்கள் எடையில் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவரும், ஏனென்றால் வாரத்தில் பெரும்பாலான வேளை நீங்கள் சாப்பிடுவது அதுதான்.

வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஷூ மாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 40 உருண்டை ஒரு வீட்டுக்கு அதிகம், செய்ததையெல்லாம் நிரப்பினால் தீரும் வரை சாப்பிடத் தோன்றும். நிரப்பாத உருண்டைகளை நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வைத்தால் ஒரு மாதம் இருக்கும். வேண்டியபோது நான்கைந்து மட்டும் எடுத்து, உருக வைக்காமல் நேராக 180 டிகிரி ஓடிஜியில் 5 நிமிடம் காட்டி, ஆறவிட்டு நிரப்புங்கள். மறுபடி மொறுமொறுப்பாக வந்துவிடும். கஸ்டர்டை மட்டும் ஃபிரீசரில் வைக்காதீர்கள், உருகும்போது தண்ணீர் பிரிந்துவிடும். அது ஃபிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும், ஆகவே 250 கிராம் பாலுக்கு மட்டும் செய்தால் போதும்.